நாலு பக்கத்துக்கு ஒரு முனிவர்

எங்கள் அச்சகத்தில் புரூப் பார்க்கும்போது ரீச்சர் வரிக்குக் கீழே ஆறங்குல அடிமட்டம் ஒன்றை வைத்துக்கொள்வார். ஒரு வரி முடிந்தால்தான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். பந்தி பந்தியாக வாசிப்பதை அவர் நம்புவதில்லை. பந்திக்குள் பொய்கள் கூட்டமாகப் போகும், தனி வரியாகப் பிடித்தால் அகப்பட்டுவிடும் என்பார். அந்த அடிமட்டம் ஒருநாள் நான் எழுதிய வரி ஒன்றில் நின்றுவிட்டது. ‘மூன்று சமயத்தாராலும் போற்றப்பட்ட அசித தேவல மாமுனிவர் தென்மராட்சியின் இப்புண்ணிய மண்ணில் தவமிருந்தார் என்பதும், அவர் வழிவந்தோரே இக்குடும்பத்தார் என்பதும் ஐதீகம்.’ ரீச்சர் ‘ஐதீகம்’ என்ற சொல்லின் கீழே நீல மையால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘மிச்சக் கதையையும் கேட்டுவிட்டுப் போடும்’ என்று எழுதினார். நான் தாளை வாங்கி, மற்ற எல்லாப் பிழைகளையும் திருத்தி, இந்த ஒரு குறிப்பை மட்டும் கண்ணில் படாதவன் மாதிரி விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் நாலு நாள் மூடிக் கிடந்த மீன் வாளியைத் திறந்தது போல இருக்கிறது. வாளி நான்தான்.

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்து வேலை எனக்கு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லுமில்லை, வெட்டுமில்லை, வழவழப்பான அட்டையும் இறந்தவரின் பாஸ்போட் படமும்தான். உள்ளே தேவாரம், பிறகு வம்சாவளி, பிறகு வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் கண்ணீர். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும் என்பதால் கடைசியில் எப்போதும் நாலைந்து பக்கம் வெறுமையாக மிஞ்சும். அந்த வெறுமையை நிரப்புவதுதான் என் பிழைப்பு. கீரைகளின் மருத்துவக் குணம், திருநீற்றின் மகிமை, முதுமையில் முழங்கால் வலி என்று எதையாவது போடுவேன். பேர் போடுவதில்லை. ஒருவரும் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. எங்கள் குடாநாட்டில் கொடைவள்ளல் அல்லாத ஒருவரும் இதுவரை சாகவில்லை என்பதற்கு என் கையெழுத்துப் பிரதிகளே சாட்சி. உயிரோடிருந்தபோது பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் அள்ள விடாத மனிதரை ‘ஊருணி’ என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

ரீச்சர் குருநகரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். தகப்பன் கடலுக்குப் போனவர். பல்கலைக்கழகத்தில் தான் விரும்பிய பாடத்தின் நேரம் வேறொன்றோடு இடித்ததால் சும்மா பாளி எடுத்தாராம். எடுத்த பிறகு பாளி அவரை விடவில்லை. அதிலிருந்து சமணர்களின் பழைய பிராகிருதத்துக்கும் எட்டிப் பார்த்திருக்கிறார். நெல்லியடியிலும் வேறு ஊர்களிலும் படிப்பித்து ஓய்வு பெற்ற பின், வீட்டில் இருந்தால் சுவரோடு கதைக்க வேண்டும் என்று எங்களிடம் புரூப் பார்க்க வந்தார். எங்கள் சைவக் கல்வெட்டுகளில் தேவாரம் பிழையில்லாமல் வந்த காலம் அந்த ஒரு காலம்தான். என்னைவிடப் பத்து வயது கூட. என்னை ‘நீர்’ என்பார். என் பகிடிக்குச் சிரிக்கமாட்டார், ஆனால் அது முடியும்வரை பேனையை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். சிரிப்பதைவிட அது பெரிய மரியாதை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அசித தேவலரை எனக்கு அறிமுகப்படுத்தியது அவர்தான், ஒரு தேத்தண்ணி நேரத்தில். பழைய முனிவர்கள் உண்மையில் இருந்தவர்களோ என்று நான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். வேதப் பாடல் சிலவற்றுக்கு அந்தப் பெயர் போட்டிருக்கிறது. அதிலும் ‘அசிதர் அல்லது தேவலர்’ என்றுதான், ஒருவரா இருவரா என்று போட்டவர்களுக்கே நிச்சயமில்லாமல். பௌத்தர்களின் கதையில் பிறந்த குழந்தையாகிய புத்தரைப் பார்த்து மகிழ்ந்து, இந்தப் பிள்ளை ஞானம் பெறும் நாளைக் காணத் தனக்கு ஆயுள் இல்லையே என்று அழுத கிழவர் ஒருவர் இருக்கிறார். அவர்தானா இவர் என்பதும் வழக்குத்தான். சமணர்களிடம் எல்லாக் கட்சி ஞானிகளின் வாக்கையும் பேதமில்லாமல் சேர்த்து வைத்த ஒரு பழைய தொகுதி உண்டாம். அதிலும் இவர் பேசுகிறார். பிற்காலத்தில் அதே சமணர்கள் அந்தத் தாராளத்துக்காக வெட்கப்பட்டவர்கள் மாதிரி அதை ஒரு மூலையில் வைத்துவிட்டார்களாம். ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துக் கதைக்காத மூன்று வீட்டாரும் ஒரே ஆளின் பெயரைச் சொன்னால், அப்படி ஓர் ஆள் மூச்சு விட்டிருக்கக்கூடும் என்பது ரீச்சரின் கணக்கு.

“இருந்திருக்கலாம். அவ்வளவுதான் எங்களிட்டை இருக்கிறது,” என்றார். “மிச்சமெல்லாம் அவரவர் தங்கடை அளவுக்குத் தைச்சுப் போட்டுவிட்ட உடுப்பு.” பிறகு, “ஆனா பாளியிலை இவரைப் பற்றி இன்னொரு கதை இருக்கு, அதுதான் கதை,” என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் பாதி முனிவரோடு எழுந்து போனேன்.

போன இடத்தில் கனடா மகன் ஒருவர் நின்றார். தகப்பன் தென்மராட்சிக் கோயில் ஒன்றின் தலைவராக இருந்து காலமானவர். அந்தியேட்டிக்கு நாலு நாள் இருந்தது. எல்லாம் அச்சுக்கு ஆயத்தம், நாலு பக்கம் மட்டும் வெறுமை. முழங்கால் வலிக் கட்டுரை ஒன்று இருக்கிறது என்றேன். மகனுக்கு முகம் கோணியது. கீரை, முழங்கால் எல்லாம் வேண்டாம், எங்கள் பரம்பரையைப் பற்றிக் கனதியாக ஏதாவது வேண்டும் என்றார். என்ன மாதிரிக் கனதி என்றேன். “ஒரு முனிவர் கினிவர்,” என்றார், கடையில் மல்லி கில்லி கேட்பது போல. நான் அங்கேயே குந்தியிருந்து ஒரு மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் சொன்ன உண்மைகளை மேலே பூசினேன். வேதம், பாளி, பிராகிருதம் என்று மூன்று சாட்சிகளும் முதல் பந்தியில் வந்து கும்பிட்டன. இரண்டாம் பந்தியில் முனிவர் கப்பலுமில்லாமல் தோணியுமில்லாமல் கொடிகாமத்துக்குத் தெற்கே இறங்கி, இன்று கோயில் இருக்கும் இடத்தில் ஒரு வேம்பின் கீழ் அமர்ந்தார். மூன்றாம் பந்தியில் கலியாணம் முடித்தார். வெறும் பொய் என்றால்கூட இவ்வளவு குமட்டாது. உண்மையை மேலே தடவி விற்ற பொய் அது.

ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஊர் முழுக்க வாசித்தது. மூன்று மாதத்தில் அந்த வேம்படியில் சீமெந்து முனிவர் ஒருவர் எழும்பினார். பூக்கோவாப் பூ மாதிரிச் சுருண்ட வெள்ளைத் தாடி, உதட்டுக்கு ரோஸ் நிறம், சுற்றிவரக் குளியலறை மாபிள். செவ்வாய்க்கிழமைகளில் பாலூற்றினார்கள். வெயிலில் அந்தப் பால் புளித்து, மடியில் தேங்கி, அதில் இலையான் மொய்க்கும். நான் ஒருமுறை ஒளித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் பிள்ளைவரம் கேட்டு அழுதுகொண்டு நின்றாள். நாலு பக்கம் மிஞ்சியதால் பிறந்த ஆளிடம். வீட்டுக்கு வந்து, வெயில் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. எங்கள் கோயில்களில் வருடத் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. செலவும் அவர்களுடையது, மரியாதையும் அவர்களுடையது. அந்தக் கோயிலில் பத்தாம் திருவிழா, பழைய காலத்தில் கேணி வெட்டிக் கொடுத்த குடும்பத்தாருடையது. மண் வேலையும் மேசன் வேலையும் செய்கிறவர்கள். அவர்கள் சாமியைச் சுமந்தால் பக்கத்தில் நிற்பதில்லை என்று முகத்தைச் சுளிக்கிற சிலர் அங்கே எப்போதும் இருந்தார்கள், காரணம்தான் வாய்க்கவில்லை. காரணத்தை நான் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். இது முனிவர் தவம் செய்த மண், முதல் உரிமை அவர் வழியாருக்கே, ஆகவே பத்தாம் திருவிழா இனி அவர்களுடையது என்று இறந்த தலைவரின் தம்பி, புதிய தலைவர், அறிவித்தல் போட்டார். ஆதாரம் என்ற இடத்தில் எங்கள் கல்வெட்டின் பக்க எண் இருந்தது.

கேணிக் குடும்பத்தின் மேசன் ஒருவர் அந்தக் கல்வெட்டைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். என் வயதிருக்கும். கைவிரலெல்லாம் சீமெந்து அரித்த வெடிப்பு. மேசையில் பையை வைத்து அவிழ்த்து, அந்தப் பக்கத்தைச் சரியாகப் பிரித்தார்.

“அண்ணை, உதிலை எழுதிக் கிடக்கிறது உண்மையோ? உண்மையெண்டால் சொல்லுங்கோ, நான் பேசாமல் போறன். எங்களுக்கு முனிவரோடை சண்டை வேண்டாம்.”

சண்டைக்கு வந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். உண்மையென்றால் போய்விடுகிறேன் என்ற ஆளை என்ன செய்வது? வாய் தானாகத் திறந்தது.

“இதை எழுதினவர் வெளிநாடு போயிட்டார்,” என்றேன்.

மேசன் அதை நம்பினார். எங்கள் ஊரில் யாரும் நம்பக்கூடிய விஷயம் அது. எந்த விலாசம் என்று கேட்டார். தெரியாது என்றேன். பையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனார். ரீச்சர் தன் மேசையில் அடிமட்டத்தை ஒரு வரி கீழே இறக்கினார். தலை நிமிரவில்லை.

“எந்த நாட்டிலை இருக்கிறீர் இப்ப?” என்றார். “குளிரோ?”

நான் பகிடி விட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, அன்று அறுந்த கதையின் மிச்சத்தைச் சொன்னார். காட்டில் ஓலைக்குடில் போட்டு ஏழு பிராமண முனிவர்கள் இருந்தார்கள், உலகத்தில் தங்கள் குலமே உயர்ந்தது என்று. அசித தேவலர் கேள்விப்பட்டு அவர்கள் முற்றத்தில் போய், செருப்புக் காலோடு குறுக்கும் மறுக்கும் நடந்தார். சாம்பலாய்ப் போ என்று அவர்கள் சபித்தார்கள். சபிக்கச் சபிக்க அவருக்கு அழகு கூடியதாம். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். உங்களைப் பெற்ற தாய் உங்கள் குலத்து ஆணோடு மட்டும்தான் கூடினாள் என்று தெரியுமா? தாயின் தாய், அவளின் தாய், ஏழு தலைமுறைக்கு? தகப்பன் வழியில்? ஏழு பேரும் தெரியாது என்றார்கள். அப்படியென்றால் நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்றார். அதுவும் தெரியாது என்றார்கள்.

“அந்த மனிசனைத்தான் நீர் வம்சத்துக்குக் காவலாய் நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்,” என்றார் ரீச்சர். அந்த முகத்தில் நான் கண்டது கோபம் இல்லை. புழு விழுந்த பழத்தைக் கையில் பிடித்திருப்பவரின் முகம். “ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுக்கூட்டமாம். நான் சேர்ச்சிலை பூசை முடிஞ்சு வாறன். நீர் எழுதினீர், நீரே சொல்லும்.”

சனி இரவு எனக்குக் காய்ச்சல் என்று வெப்பமானி வைத்துப் பார்த்தேன். அந்தத் துரோகி சாதாரணம் காட்டியது. கொடிகாமத்தில் பஸ்ஸால் இறங்கியபோது ரீச்சர் மடித்த குடையோடு முன்னே நடந்தார். நான் ஓடிவிடாதபடி இடைக்கிடை திரும்பிப் பார்த்தார். கூட்டம் கோயிலுக்கு வெளியே மடத்தில் நடந்தது. ரீச்சர் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். மேசன் கதிரையில்லாமல் தூணோடு நின்றார். அறிவித்தலை உறுதிப்படுத்தும் நேரம் நான் எழுந்து, அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான், நாலு பக்கம் மிஞ்சியதால் எழுதினேன், முனிவர் இந்தப் பக்கம் வந்ததற்கு ஓர் ஆதாரமும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டின. முழங்கால் வலிக் கட்டுரையை எழுதியவனுக்கு அது வேண்டியதுதான்.

சனம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். “தம்பியை ஆரோ வெருட்டியிருக்கினம்,” என்றார். “வாயாலை சொல்லுறது வேறை. அச்சிலை வந்தது அச்சிலை வந்ததுதான்.” பின்னால் யாரோ, கூட வந்த வேதக்காரி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்றார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படிச் சொல்வது வழக்கம். ரீச்சரைச் சொன்னதும் எனக்கு மூளை எரிந்தது. மிச்சக் கதையையும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். காடு, ஏழு பேர், சாபம் எல்லாம் நன்றாகப் போனது. முனிவர் கேட்ட கேள்விக்கு வந்ததும் அவசரத்தில் அதை ஏழு பேரிடமும் கேட்காமல் நேரே தலைவரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில், கோயில் மடத்தில், ஒரு மனிதரிடம், உம்முடைய அம்மாவின் அம்மாவின் அம்மா யாரோடு போனாள் என்று தெரியுமா என்று.

கதிரைகள் விழுந்த சத்தம் முதலில் கேட்டது. ஆரடா உவன் என்றார்கள். என்ரை அம்மம்மாவையோ கதைக்கிறாய் என்று ஒருவர் சால்வையை இடுப்பில் கட்டினார். நான் வீரமாக ஓடி ரீச்சரின் குடைக்குப் பின்னால் ஒளித்தேன். குடை மடித்தபடிதான் இருந்தது. அப்போது ரீச்சர் எழுந்தார். சத்தம் குறையும்வரை, என் பகிடிகள் முடியக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றார். “என்ரை அம்மம்மான்ரை அம்மா ஆரெண்டே எனக்குத் தெரியாது. இஞ்சை ஆருக்கும் தெரியுமெண்டால் சொல்லுங்கோ. நான் எழுதிக்கொள்ளுறன்.” கையில் பேனை இருந்தது.

தூணோடு நின்ற மேசன், “எனக்கும் தெரியாது,” என்றார். அவ்வளவுதான். பிறகு கை உயர்த்தினார்கள், அறிவித்தல் உறுதியானது. நாங்கள் வெளியே வரும்போது என் செருப்பில் ஒன்று இல்லை.

இதுவரை சொன்னதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். மிச்சம் அடுத்த கிழமை நடந்தது. எங்கள் கல்வெட்டுகளை வேதக்காரி பார்க்கிறாளாமே என்று நாலைந்து வீட்டார் முதலாளியிடம் முறைப்பாடு வைத்தார்கள். முதலாளி ரீச்சரைக் கூப்பிட்டு, வேலை குறைவு என்றார். வேலை குறையவில்லை, அந்த மாதம் செத்தவர்கள் வழக்கத்தைவிடக் கூட. ரீச்சர் அடிமட்டத்தையும் பேனையையும் கைப்பைக்குள் வைத்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் கொம்பியூட்டரைப் பார்த்தேன். மடத்தில் ஓர் ஊருக்கு முன்னால் கத்திய வாய், எட்டடி தூரத்தில் இருந்த முதலாளிக்கு முன்னால் திறக்கவில்லை. அவர் போன பிறகு தேத்தண்ணி வந்தது. குடித்தேன். சீனி கூடிப்போச்சு என்றும் சொன்னேன். போன வருடம் ரீச்சர் காலமானார். குருநகர்த் தேவாலயத்தில் பின்வரிசையில் நின்றேன். அவருக்குக் கல்வெட்டு இல்லை, ஒரு படமும் ஒரு செபமும் அச்சிட்ட சின்ன மட்டை மட்டும். நிரப்ப ஒரு பக்கமும் மிஞ்சவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் மேசன் திரும்ப வந்தார். வெளிநாட்டிலிருந்து எப்போது வந்தனீங்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவர்களுக்கு ஒரு முனிவர் இருக்கிறார், எங்களுக்கும் ஒருவரை எழுதித் தாருங்கோ என்றார். நான் அன்றைக்கு மடத்தில் நடந்ததை ஞாபகப்படுத்தினேன். ரீச்சர் கேட்டதை, அவர் தூணடியில் நின்று சொன்ன பதிலை.

“அது நல்ல கேள்விதான் அண்ணை, நான் மறக்கேல்லை,” என்றார். “ஆனா அந்தக் கேள்வியைத் தோளிலை வைச்சு வீதி சுத்த ஏலுமோ?”

என்னால் அவருக்கு முனிவரை எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, என் செலவில் அச்சடித்தேன். பத்தாம் திருவிழா கேணி வெட்டியவர்களின் பிள்ளைகளுடையது, அதற்கு மேல் யார் எவர் வழி என்று யாருக்கும் தெரியாது, முனிவர் கதை நான் இட்டுக்கட்டியது என்று. வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே என் பெயரைப் போட்டேன். மேசன் அதை இரண்டுதரம் வாசித்தார். இவ்வளவுதானோ என்றார். மரியாதைக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனார்.

நெல்லியடிப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் அவர்களுக்குக் கபில முனிவர் கிடைத்தார். எட்டுப் பக்கம், கலரில். பாதாளம்வரை நிலம் தோண்டி வந்தவர்களை ஒரே பார்வையில் சாம்பலாக்கிய முனிவர், நிலம் தோண்டிக் கேணி வெட்டியவர்களுக்கு முப்பாட்டன் ஆனார். எழுதியவன் மிச்சக் கதையைக் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன? தலைவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அச்சில் வந்தது அச்சில் வந்ததுதான் என்று தானே சொன்னவர், என்ன செய்வார்? இரண்டு முனிவர்களும் சமரசம் ஆனார்கள். பத்தாம் திருவிழா கேணிக்காரருக்குத் திரும்பியது.

எனக்கு அழைப்பு வந்தது. போனேன். வேம்படியில் இப்போது இரண்டு தாடிகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன, இரண்டு மடியிலும் இலையான். மேசன் பட்டு வேட்டியில் சாமியைத் தோளில் சுமந்து வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீர் பொய்யில்லை. பூசை முடிந்து அன்றைய மரியாதையான காளாஞ்சியை, வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்த அந்தத் தட்டை, குருக்கள் அவரிடம் கொடுத்தார். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். அன்றைக்கு எங்களுக்காக எழும்பிக் கதைத்த ஆள் நீங்கள் ஒருவர்தானே என்றார், எல்லோருக்கும் கேட்க.

ரீச்சரும் எழும்பினார் என்று சொல்ல வாயெடுத்தேன். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன்.